கப்பலா, விமானமா: முத்துப்பேட்டையிலிருந்து யாழ்ப்பாணமும் அதன் தீவுகளும்

சொந்தக் காரை ஏற்றலாமா?

யாழ்ப்பாணக் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தால் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் முதலில் வரும் கேள்வி, "நம்ம வண்டியையே ஏத்திக்கிட்டுப் போயிடலாமா?" என்பதுதான். கேட்பதில் நியாயம் இருக்கிறது. பினாங்கில் கடை வைத்திருந்தவர்களும் அங்கே வேலை பார்த்தவர்களும் இந்தப் பகுதியில் நிறைய. பட்டர்வொர்த்தில் காரோடு ஃபெரியில் ஏறி ஜார்ஜ் டவுனில் காரோடு இறங்கிய பழக்கம் அவர்களுக்கு உண்டு. 2021 தொடக்கத்திலிருந்து அங்கும் கார் ஏற்றுவதில்லை. நம் நாட்டிலேயே குஜராத்தில் கோகாவுக்கும் ஹசீராவுக்கும் இடையே 2020 நவம்பரிலிருந்து கார், லாரி எல்லாம் ஏறும் பெரிய கப்பல் ஓடத் தொடங்கியது. சாலையில் 370 கிலோமீட்டர் சுற்ற வேண்டிய தூரம், காம்பே வளைகுடாவைக் குறுக்கே கடந்தால் 90 கிலோமீட்டர்தான்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலில் கார் ஏறாது. பைக்கும் ஏறாது. 2023 அக்டோபர் 14 அன்று முதலில் ஓடிய 'செரியபாணி'யும், 2024 ஆகஸ்ட் 16 முதல் ஓடிய 'சிவகங்கை'யும் ஆட்களுக்கான கப்பல்கள். ஒரு தடவைக்கு 150 பேர் போகலாம், அவ்வளவுதான். நாளைக்கே வண்டி ஏற்றும் கப்பல் வந்தாலும், இந்தியப் பதிவெண் கொண்ட காரை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகத் தனியாகச் சுங்கப் பத்திரமும் பிணைத்தொகையும் வேண்டும். நாலு நாள் விடுமுறைக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. வண்டி வீட்டிலேயே இருக்கட்டும்.

அங்கே போய் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய ஓட்டுநர் உரிமம் மட்டும் இலங்கையில் செல்லாது. இங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுக்க வேண்டும். அதன் மேல் இலங்கையிலும் ஒப்புதல் பெற வேண்டியிருக்கும். அனுமதி இல்லாமல் ஓட்டி விபத்து ஏதும் நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும். யாழ்ப்பாணத்தில் ஓட்டுநரோடு வான் கிடைக்கும், ஓட்டோ கிடைக்கும், பஸ்ஸும் நன்றாகவே ஓடுகிறது. தமிழிலேயே பேசி வழி கேட்டுப் போகிற ஊரில் ஸ்டீயரிங்கைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற அவசியம் இல்லை.

வாசலிலிருந்து வாசல் வரை

விமானம் ஒரு மணி நேரம், கப்பல் நாலு மணி நேரம் என்று கணக்குப் போட்டுத்தான் பெரும்பாலோர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கணக்குச் சென்னைக்காரருக்குச் சரி. முத்துப்பேட்டைக்காரர் வேறு கணக்குப் போட வேண்டும்.

விமானத்துக்கு நாம் போக வேண்டிய இடம் திருச்சி. இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேர் விமானம் தொடங்கியது. ஏ.டி.ஆர். ரகத்துச் சிறிய விமானம் அது, இறக்கையில் விசிறி சுற்றுவது. பட்டுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாகவோ மன்னார்குடி வழியாகவோ போனாலும் முத்துப்பேட்டையிலிருந்து திருச்சி விமான நிலையம் 120 கிலோமீட்டருக்கு மேல். காரில் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் மாறிப் போனால் நாலரைக்குக் குறையாது. பன்னாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போய்விட வேண்டும். பறப்பது ஒரு மணி நேரம். பலாலியில் இறங்கிக் குடிவரவுச் சோதனை முடித்து, யாழ்ப்பாணம் நகருக்கு வர இன்னும் ஒன்றரை மணி நேரம். கூட்டிப் பார்த்தால் எட்டரை மணியிலிருந்து பத்து மணி நேரம் வரை ஆகிறது.

கப்பலுக்கு நாம் போவது நாகப்பட்டினம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருத்துறைப்பூண்டி, வேளாங்கண்ணி வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கப்பல் காலையில் கிளம்புவதால் விடியுமுன் துறைமுக வாசலில் நிற்க வேண்டியிருக்கும். முத்துப்பேட்டையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் நேரத்துக்குச் சேர முடியாது. திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதையில் வண்டிகளும் குறைவு. ஆகவே முந்தின நாள் சாயங்காலமே நாகைக்குப் போய்த் தங்கிவிடுவதுதான் ஒழுங்கு. சோதனைக்கு இரண்டு மணி நேரம், கடலில் 60 கடல்மைல், அதாவது 111 கிலோமீட்டர், சுமார் நாலு மணி நேரம். காங்கேசன்துறையில் இறங்கி வெளியே வர ஒரு மணி, யாழ்ப்பாணத்துக்கு முக்கால் மணி. நாகையில் கண் விழித்ததிலிருந்து எண்ணினால் எட்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

நேரத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இன்னொன்றும் கவனியுங்கள். காங்கேசன்துறைத் துறைமுகமும் பலாலி விமான நிலையமும் பக்கத்துப் பக்கத்து இடங்கள். எப்படிப் போனாலும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அதே வடக்குக் கரையில்தான் இறங்குவீர்கள். ஏர் சிலோனின் முதல் விமானம் 1947 டிசம்பர் 10 அன்று இரத்மலானையிலிருந்து புறப்பட்டு சென்னைக்கு வந்தபோது நடுவில் இறங்கிய இடமும் இதுதான். அப்போது அந்த விமான நிலையத்துக்கே காங்கேசன்துறை என்றுதான் பெயர். அந்தப் பக்கம் ஒன்றும் மாறாததால் முடிவு செய்ய வேண்டியது நம் பக்கத்தைப் பார்த்துத்தான்: திருச்சி உங்களுக்கு வசதியா, நாகை வசதியா? மன்னார்குடிக்கு மேற்கே இருப்பவர்களுக்குத் திருச்சி. முத்துப்பேட்டை, தோப்புத்துறை, வேதாரண்யம், திருப்பூண்டிக்காரர்களுக்கு நாகை.

நாகையில் இரவு தங்கும் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அப்போது வேளாங்கண்ணியில் மட்டுமல்ல, நாகையிலும் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. நாகூர் கந்தூரி நாட்களிலும் அப்படியே. இந்த நாட்களில் போகிறவர்கள் நாகையில் உறவினர் வீடு இல்லையென்றால் திருச்சியையே தேர்ந்தெடுக்கலாம்.

காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

இந்த இயலில் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்காதீர்கள். கப்பலில் போகலாமா என்பதை முடிவு செய்வது பணமும் நேரமும் அல்ல, மாதம்.

பாக் நீரிணை ஆழமில்லாத கடல். ஆழ்கடலில் நீண்டு உருளும் அலை, ஆழம் குறைந்த இடத்தில் குட்டையாகவும் அடுக்கடுக்காகவும் எழும். அதனால்தான் தொலைவு குறைவாக இருந்தும் கப்பல் அதிகமாகத் தூக்கிப்போடுகிறது. முத்துப்பேட்டையிலும் ஜாம்புவானோடையிலும் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் காற்றின் பெயரை வைத்தே சொல்லிவிடுவார்கள். வாடை அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கடல் சரியில்லை. வைகாசிக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து சோழகம் எழும்பினால் பிற்பகலில் கடல் கொந்தளிக்கும். மாசி, பங்குனி, சித்திரைதான் அமைதியான காலம்.

கப்பல் சேவையின் சொந்த வரலாறே இதற்குச் சாட்சி. 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலி வழியே கொடியசைத்துத் தொடங்கிய சேவை ஒரு வாரத்துக்குள் நின்றது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் கப்பலை விட்டால் வேறென்ன நடக்கும்? 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கி, நவம்பரில் மழைக்காக நிறுத்தி, 2025 பிப்ரவரி 22 அன்று திரும்பவும் விட்டார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்தில் என்ன செய்துவிட்டுப் போனது என்பதைப் பார்த்தவர்கள் நாம். ஒடிந்து கிடந்த தென்னைகளையும் கருகி நின்ற அலையாத்திக் காட்டையும் பார்த்த பிறகு, நவம்பரில் கப்பல் ஓடவில்லையே என்று யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மாதத்தில் கப்பலை நம்பித் திட்டம் போடுவதுதான் தவறு.

ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி முடிய விமானம்தான், யோசிக்கவே வேண்டாம். பிப்ரவரி பிற்பகுதி முதல் ஏப்ரல் முடியக் கப்பல். மே முதல் செப்டம்பர் வரை கப்பல் ஓடினாலும், கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் விமானத்தில் போவது நல்லது. நல்லூர்க் கந்தசாமி கோவில் திருவிழா பெரும்பாலும் ஆகஸ்டில் வருகிறது. கப்பல், விமானம் இரண்டிலும் இடம் கிடைக்காத காலம் அது. இரண்டு மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

எந்த மாதமானாலும் புறப்படும் தேதியில் கப்பல் உண்டா என்பதைப் பதிவு செய்யும்போது ஒரு தடவையும், முந்தின நாள் காலையில் இன்னொரு தடவையும் கப்பல் நிறுவனத்தின் தளத்திலோ தொலைபேசியிலோ உறுதி செய்யுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் என்பதும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. 2023இல் வரியோடு 7,670 ரூபாய் என்று அறிவித்த பயணச்சீட்டைத் தொடக்க நாளில் சலுகையாகப் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். போன வருடம் போய்வந்தவர் சொன்ன விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

போகும்போது கப்பல், வரும்போது விமானம்

கப்பல், விமானம் இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு நான் கூறும் பதில் இரண்டுமே. போகும்போது கப்பல், வரும்போது விமானம். சொகுசுக்காக இப்படிச் சொல்லவில்லை, இதற்குத் திடமான காரணம் இருக்கிறது.

போகிற கப்பல் ரத்தானால் நீங்கள் நாகப்பட்டினத்தில் இருக்கிறீர்கள். ஓர் இரவு அறை வாடகையோடு நஷ்டம் முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ போய்விட்டு வீடு திரும்பலாம், இல்லையென்றால் திருச்சிக்குப் போய் மறுநாள் விமானத்தில் ஏறலாம். திரும்புகிற கப்பல் ரத்தானால் அந்நிய நாட்டில் நிற்கிறீர்கள். கையில் இருக்கும் பணம் கரைகிறது, அலுவலக விடுப்பு முடிகிறது, பிள்ளைகளுக்குப் பள்ளி திறக்கிறது. ஏடாகூடமாக விசா நாளும் முடியலாம். கடைசி நேரத்தில் கொழும்பு போய் அங்கிருந்து திருச்சிக்கு விமானம் பிடித்தால் நாலு பேர் குடும்பத்துக்கு ஆகும் செலவு, முழுப் பயணச் செலவைத் தாண்டிவிடும். கடல் ஏமாற்றினால் நம் வீட்டு வாசலில் ஏமாற்றட்டும்.

முன்பெல்லாம் போகவரச் சேர்த்து எடுத்தால்தான் விமானச் சீட்டு மலிவு. இப்போது இந்த வழித்தடத்தில் ஒருவழிச் சீட்டைத் தனியாகவே எடுக்கலாம், அதற்கென்று கூடுதல் தண்டம் இல்லை. கப்பலில் போகவரச் சேர்த்து எடுத்தால் சலுகை கொடுக்கும் காலங்கள் உண்டு. அந்தச் சலுகைக்கு ஆசைப்பட்டுத்தான் பலர் இரண்டு பக்கமும் கப்பலையே எடுக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் அது சரி. மற்ற மாதங்களில் அந்தச் சில ஆயிரத்தை விட்டுக்கொடுங்கள்.

ஒரு பக்கமாவது கப்பலில் போங்கள் என்று வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தக் கடற்கரை மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் வழியே பயணம் போனவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' ஓடியது, பிறகு 'சிதம்பரம்' ஓடியது. 1985 பிப்ரவரியில் 'சிதம்பரம்' தீப்பிடித்ததோடு அந்த வழி அடைபட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் ஓடிய போட் மெயில் நீராவிக் கப்பலை 1964 டிசம்பர்ப் புயல் முடித்துவைத்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடியதும் போர்க்காலத்தில் நின்றது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்கோஷியா பிரின்ஸ்' வந்தது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்கும் நடுவே பல வருடம் கார்களை ஏற்றி ஓடிய பெரிய கப்பல் அது. இங்கே ஆறு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. ஆட்கள் ஏறினால்தான் கப்பல் ஓடும். நாகைக் கப்பலும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடக் கூடாது என்று மனதார விரும்புகிறேன்.

யார் விமானத்திலேயே போக வேண்டும்

மூட்டு வலியால் படி ஏற முடியாதவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள் விமானத்திலேயே போகட்டும். கடல் நடுவில் நாலு மணி நேரம் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. மருத்துவரும் இருக்க மாட்டார். பஸ்ஸில் மலைப்பாதை ஏறினாலே வாந்தி எடுப்பவர்களும் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. மற்றவர்கள் தயங்க வேண்டாம்.

மீன்பிடிப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்துவிடுகிறோம் என்று கரையோரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் காது கொடுக்காதீர்கள். 1974, 1976 ஒப்பந்தங்களால் வகுத்த கடல் எல்லை நடுவில் இருக்கிறது. கடவுச்சீட்டில் முத்திரை இல்லாமல் கால் வைத்தால் சிறை. படகும் போகும், படகுக்காரர் பிழைப்பும் போகும்.

கப்பல் ஏறும் நாள்

கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும். இலங்கைக்கான ஈ.டி.ஏ. பயண அனுமதியை இலங்கை அரசின் இணையத்தளத்திலேயே முன்கூட்டி எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதலாகப் பணம் பிடுங்கும் தளங்கள் பல உண்டு. தங்குமிட முகவரியும் திரும்பும் விமானச் சீட்டும் கையில் இருக்கட்டும். ஒருவழிக் கப்பல் சீட்டோடு நிற்பவரிடம் திரும்பி எப்படிப் போவீர்கள் என்று குடியகல்வு அதிகாரி நிச்சயம் கேட்பார்.

காலையில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டு இட்லி போதும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். வாந்தி மாத்திரை போடுபவர்கள் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் இல்லை. 'அவோமின்' போன்றவை தூக்கம் வரவழைக்கும். வேறு மருந்து சாப்பிடுபவர்களும் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே போடுங்கள். முன்பக்க இருக்கையில் காட்சி நன்றாக இருக்கும் என்று முண்டியடிக்காதீர்கள், அதிகம் தூக்கிப்போடுவது அங்கேதான். நடுவிலோ பின்பக்கத்திலோ, கீழ்த்தட்டில் உட்காருங்கள். செல்போனைப் பார்க்காமல் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். ஓர் எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பைகளும் கைப்பையில் இருக்கட்டும்.

சாமான் எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்பதைச் சீட்டிலேயே படித்துப் பாருங்கள். கப்பல்தானே, மூட்டை மூட்டையாக ஏற்றலாம் என்பது 'ரஜூலா' காலத்து நினைப்பு. இந்தச் சிறிய கப்பலில் எடைக் கட்டுப்பாடு கடுமை, கூடுதல் கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும். திரும்புவது விமானத்தில் என்பதால் இரண்டில் எது குறைவோ அந்த எடைக்குள் பெட்டியைக் கட்டுங்கள். இந்திய ரூபாய் நோட்டு ஒருவர் 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம். நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். துறைமுகத்திலேயே பணம் மாற்றலாம், சிம் வாங்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். யாழ்ப்பாணம் நகருக்குப் போய்ச் சேரும் வரைக்கான பணத்தை முன்பே மாற்றி வைத்திருங்கள்.

காங்கேசன்துறையில் இறங்கியதும் நேரே யாழ்ப்பாணத்துக்கு ஓடாதீர்கள். மாவிட்டபுரம் கந்தசாமி கோவிலும் கீரிமலைக் கேணியும் நகுலேச்சரமும் பக்கத்திலேயே இருக்கின்றன. நாலு மணி நேரம் உப்புக்காற்றில் உட்கார்ந்து வந்தவர்களுக்குக் கீரிமலைக் குளியல் பெரிய சுகம். ஓட்டோவைப் பேசி அங்கே போய்விட்டுப் பிறகு நகருக்குப் போகலாம். ரயில் விருப்பமுள்ளவர்களுக்குக் காங்கேசன்துறையிலேயே நிலையம் இருக்கிறது. போரில் அழிந்த பாதையை மறுபடி போட்டு 2015 ஜனவரியில் திறந்தார்கள். வண்டி நேரம் ஒத்துவந்தால் யாழ்ப்பாணத்துக்கு அதிலேயே போகலாம்.

தீவுகளுக்குள்

யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு விமானம் கிடையாது. சில தீவுகளுக்குக் கடல்மேல் போட்ட சாலை உண்டு, மற்றவற்றுக்குப் படகுதான். பண்ணைப் பாலம் வழியாக மண்டைதீவையும் வேலணையையும் தொட்டுக்கொண்டு, இன்னொரு கடற்சாலையில் புங்குடுதீவு வரை பஸ்ஸிலேயே போய்விடலாம். காரைநகருக்குப் பொன்னாலையிலிருந்து சாலை போகிறது. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு நான்குக்கும் கடலில் இறங்கியே ஆக வேண்டும்.

வண்டியோடு கடல் தாண்டும் ஆசை இருந்ததே, அது இங்கே நிறைவேறும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே குறுகிய கடலில் வண்டிகளை ஏற்றிக் கடத்தும் மிதவை ஓடுகிறது. உள்ளூரில் அதற்குப் 'பாதை' என்று பெயர். "பாதை ஓடுதோ?" என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ பேசிக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை வழியே ஊர்காவற்றுறைக்குப் போய், பாதையில் ஏறிக் காரைநகரில் இறங்கி, கசூரினாக் கடற்கரையில் இருந்துவிட்டுப் பொன்னாலை வழியே திரும்பினால் ஒரு நாள் நிறைவாகப் போகும். கடக்கும்போது தண்ணீருக்கு நடுவில் நிற்பது ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கீசர் கட்டியதை ஒல்லாந்தர் எடுத்துத் திருத்திய கடற்கோட்டை அது. பாதை பழுதாகி நிற்கும் நாட்களும் உண்டு. அதனால் யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்படும் முன்பே ஓட்டோக்காரரை விசாரிக்கச் சொல்லுங்கள். ஊர்காவற்றுறை வரை போய்ப் பாதை இல்லையென்றால் யாழ்ப்பாணம் சுற்றித்தான் காரைநகர் போக வேண்டும்.

நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு ஏறும் இடம் புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறை. யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நயினாதீவு கால் மணி, இருபது நிமிடப் படகுதான். நாகபூஷணி அம்மன் கோவிலுக்கும் பக்கத்தில் உள்ள நாக விகாரைக்கும் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர் கூட்டம் சேர்ந்து வரிசை நீளும். ஆனித் திருவிழா நாட்களில் படகுகள் திணறும். எவ்வளவு கூட்டமானாலும் உயிர்காப்பு அங்கி கொடுக்காத படகில் ஏறாதீர்கள், கொடுத்ததைக் கக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் மாட்டிக்கொள்ளுங்கள். தட்டுக்குக் கீழே உட்கார வைத்தால் புகையும் புழுக்கமும் இருக்கும். வாசலுக்குப் பக்கம் இடம் பிடியுங்கள்.

நெடுந்தீவு ஒரு மணி நேரப் படகு. இந்தக் கடலில் சோழகம் அடிக்கும் மாதங்களில் நாகைக் கப்பலில் ஆடாத வயிறும் ஆடும். காலையில் போகும் படகைப் பிடித்தால்தான் தீவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பிற்பகல் படகில் திரும்ப முடியும். முந்தின நாளே நேரம் கேட்டுவிடுங்கள், குறிகட்டுவானில் ஒரு தடவை மறுபடி கேளுங்கள். அந்தப் பக்கம் ஓட்டோ கிடைக்கும். பவளக் கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்க மரம், வெட்டவெளியில் மேயும் குதிரைகள் எல்லாம் தூரம் தூரமாக இருக்கின்றன, நடந்து பார்க்க இயலாது. குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். இந்த வழியில் ஓடும் படகுகளில் 'குமுதினி' என்ற பெயரைக் கேட்பீர்கள். 1985 மே 15 அன்று அந்தப் படகில் வைத்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் கொல்லப்பட்டார்கள். தீவுக்காரர்கள் தாங்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள். நீங்களாகக் கிளறாதீர்கள்.

அந்தமான் போக நினைப்பவர்களுக்கு

இதே அளவுகோலை அந்தமானுக்கு வைத்தால் தீர்ப்பு மாறும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) கப்பல் இரண்டரை நாள், விமானம் இரண்டேகால் மணி நேரம். ஒரு வார விடுமுறையில் ஐந்து நாளைக் கடலிலேயே கழிக்க முடியாது, போகவர விமானம்தான் சரி. அங்கே போன பிறகு தீவுக்குத் தீவு கப்பல். பாராடாங் போகும் வழியில் மிடில் ஸ்ட்ரெயிட் என்ற இடத்தில் பஸ்ஸையே மிதவையில் ஏற்றிக் கடத்துகிறார்கள். அதற்கு முன் ஜிர்கடாங்கிலிருந்து ஜாரவா மக்களின் காட்டு வழியாக வண்டிகளை வரிசையாக, காவலோடு விடுவார்கள். நடுவில் நிறுத்துவதும் படம் எடுப்பதும் குற்றம்.

நாட்களை அடுக்கும் முறை

யாழ்ப்பாணத்துக்கு ஐந்து நாள் வைத்துக்கொண்டால் இந்த வரிசை பொருந்தும். முதல் நாள் கப்பல், கீரிமலை. இரண்டாம் நாளே நெடுந்தீவு. அன்று படகு ஓடாவிட்டால் மூன்றாம், நான்காம் நாட்கள் கையில் இருக்கும். கடைசிக்கு வைத்துக்கொண்டு காற்றைப் பார்த்து ஏமாறுபவர்கள் அநேகம். மூன்றாம் நாள் நயினாதீவு. நான்காம் நாள் ஊர்காவற்றுறைப் பாதையும் காரைநகரும். ஐந்தாம் நாள் எந்தத் தீவுக்கும் போகாதீர்கள். பிற்பகல் விமானம் என்றால் காலையில் நல்லூர், பிறகு சந்தை. பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் மா வாங்குபவர்கள் இரண்டு உறை போட்டுக் கட்டச் சொல்லிப் பெரிய பெட்டியில் வையுங்கள். பனாட்டு வெயிலில் இளகும், கைப்பையில் வைத்தால் துணியெல்லாம் ஒட்டும். விதை, கன்று, செடி எதையும் வாங்காதீர்கள், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் திருச்சியில் எடுத்துவிடுவார்கள். பலாலிக்குப் போக ஓட்டோவை முந்தின இரவே பேசிவையுங்கள். திருச்சியில் இறங்குவது சாயங்காலமானால் பட்டுக்கோட்டைக்குக் கடைசி பஸ் எப்போது என்பதைக் கிளம்புமுன் ஊரிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.